தேயிலை மலையில் ஒரு தன்பாலீர்ப்புக் காதல் நாவல்: முதல் பொய்யிலிருந்து கடைசி அத்தியாயம் வரை முழுமையான வழிகாட்டி

காதல் நாவலை வாங்குகிறவர் ஒரே ஒரு கேள்விக்காகத்தான் பக்கம் புரட்டுகிறார்: இந்த இருவரும் சேர்வார்களா, மாட்டார்களா? தான் பெண்களிடம் ஈர்க்கப்படுவதை உணர்ந்து அதோடு சமாதானமாகும் ஒருத்தியைப் பற்றிய காதல் நாவலில் அதற்கு முன்பாகவே இன்னொரு கேள்வி வந்து உட்கார்ந்துகொள்கிறது: இவள் தன்னிடமாவது உண்மையை ஒப்புக்கொள்வாளா? இரண்டாவது கேள்விதான் முதுகெலும்பு. அதை விட்டுவிட்டு அப்பா அடித்தார், அண்ணன் அரிவாள் எடுத்தான் என்று எழுதப் போனால் கையில் மிஞ்சுவது புகார் மனு.

வழிகாட்டி முழுவதற்கும் ஒரே கதையை வைத்துக்கொள்வோம். கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட். கனகா, வயது 27. அஞ்சல் வழியில் பி.காம். படித்துவிட்டு, கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் கணக்கு எழுதுகிறாள். அம்மா கொழுந்து பறிக்கிறவர். அப்பாயி (அப்பாவின் அம்மா) இலங்கையிலிருந்து திரும்பியவர். ரீட்டா, வயது 29. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் சுகாதாரத் தன்னார்வலர்; வீடு வீடாகப் போய்ப் பிரஷரும் சர்க்கரையும் பார்க்கிறவள். தான் யார் என்பது ரீட்டாவுக்கு எப்போதோ தெரியும். கனகாவுக்குத் தெரியாது. நாவல் இந்த மேடுபள்ளத்தில் ஓடுகிறது.

முதல் படி: பொய்களைப் பட்டியலிடுங்கள்

கதைச்சுருக்கம் எழுதுவதற்கு முன், உங்கள் நாயகி தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் சாக்குகளை ஒரு தாளில் எழுதுங்கள். ரீட்டா வரும் நாளில் மட்டும் கனகா வாசல் தெளித்துக் கோலம் போடுகிறாள். கேட்டால், அப்பாயி நோயாளி, வீடு சுத்தமாக இருக்க வேண்டும் என்கிறாள். ரீட்டா போட்டிருக்கும் ஸ்வெட்டரின் நிறத்திலேயே உல்லன் நூல் வாங்கி வருகிறாள். மலிவாகக் கிடைத்தது என்கிறாள். ரீட்டாவை ஸ்கூட்டரில் கொண்டுவந்து விடும் பெண்ணைக் கண்டாலே ஆகவில்லை. அவள் வண்டியை வேகமாக ஓட்டுகிறாள் என்கிறாள்.

ஒவ்வொரு சாக்கும் தன்னளவில் நியாயமாக இருக்க வேண்டும். கேட்டவுடனே பொய் என்று தெரிகிற பொய்யால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. நியாயமான சாக்குகள் பத்து அடுக்கடுக்காகச் சேரும்போது வாசகருக்குப் புரிந்துவிடும்; கனகாவுக்குப் புரியாது. அந்த இடைவெளியில்தான் முதல் மூன்றில் ஒரு பங்கு நாவல் நடக்கிறது.

புதிதாக எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் அவசரப்படுகிறார்கள். நாயகி மூன்றாம் பக்கத்திலேயே தன் பாலீர்ப்பை விளக்கிப் பேசத் தொடங்கிவிடுகிறாள், துண்டுப் பிரசுரம் படிப்பதுபோல. எல்லாம் தெரிந்த நாயகியின் கதையையும் எழுதலாம், தவறில்லை. ஆனால் அது ஏற்றுக்கொள்ளுதலின் கதையாக இருக்காது. ஏற்றுக்கொண்ட பிறகு நடப்பதன் கதையாக இருக்கும்.

இரண்டாம் படி: எந்த மலை, எந்தச் சரிவு?

‘பனி படர்ந்த நீலகிரி’ என்று எழுதினால் அது காலண்டர் படம். குன்னூர், கோத்தகிரி அடங்கிய கிழக்குச் சரிவில் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டும். மண் சரிந்து சாலை அடைபடும், மலை ரயில் நிற்கும். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவமழை. அங்கே பேச்சிலே மலையாளம் கலக்கும், வேலையும் வேறு மாதிரி. கொடைக்கானல் மலையை எடுத்தால் தேயிலையை மறந்துவிடுங்கள். பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கம் மலைப்பூண்டு, தாண்டிக்குடிப் பக்கம் காப்பியும் மிளகும். ஒரு சரிவின் மழையை இன்னொன்றின் மாதத்தில் பெய்ய வைத்தால் உள்ளூர்க்காரர் புத்தகத்தை அங்கேயே மூடிவிடுவார்.

அடுத்து, ஒரு வரைபடம். லயன் வீடுகள் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்), நிறுவைக் கொட்டகை, பாக்டரி, தண்ணீர்க் குழாய், மாரியம்மன் கோயில், ரேஷன் கடை, பஸ் நிற்கும் இடம். இவற்றைப் போட்டு முடித்ததும், யாருடைய கேள்வியும் இல்லாமல் இருவர் பத்து நிமிடம் பேசக்கூடிய இடங்களுக்கு வட்டம் போடுங்கள். இரண்டு, மூன்றுக்கு மேல் தேறாது. வெளியூர்க்காரர் மலை என்றால் தனிமை என்று நினைக்கிறார். மலையில் மறைவிடம் ஏராளம், தனிமை அபூர்வம். லயனில் ஒரு சுவர் இரண்டு குடும்பங்களுக்குப் பொது. இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கஷாயம் கொதிக்கும். எதிர்மேட்டில் நடந்து போகிறவரை முகம் தெரியாவிட்டாலும் நடையை வைத்தே யார் என்று சொல்லிவிடுவார்கள். பொழுது சாய்ந்த பிறகு வெளியே போகலாம் என்றால், தேயிலைக்குள் காட்டெருமை நிற்கும், கரடி நிற்கும். நீங்கள் வட்டம் போட்ட அந்த இரண்டு, மூன்று இடங்களில்தான் காதல் காட்சிகள் அத்தனையும் நடந்தாக வேண்டும். அந்த நெருக்கடியைக் கெடுதல் என்று நினைக்காதீர்கள்.

படகுத்துறை, தொட்டபெட்டா, காட்சிமுனை வேண்டவே வேண்டாம். 2,637 மீட்டர் உயரம் என்பது சுற்றுலாப் பலகைக்கான செய்தி. கொழுந்து நிறுக்கும் பெண் அங்கே போயிருக்கக்கூட மாட்டாள்.

மூன்றாம் படி: ஆண்டைத் தீர்மானியுங்கள்

இந்த வகை நாவலில் ஆண்டு தெரியாமல் ஒரு வரிகூட எழுத முடியாது. 2009இல் டெல்லி உயர் நீதிமன்றம் தன்பால் உறவைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவைத் தளர்த்தியது. 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை மீண்டும் பழையபடி ஆக்கியது. 2018 செப்டம்பர் 6 அன்று, வயதுவந்தவர்கள் மனமொத்து உறவுகொள்வது குற்றமில்லை என்று அதே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 அக்டோபர் 17 அன்று, தன்பால் இணையர் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் தர மறுத்தது. 2014இல் காதலிக்கும் ஒருத்தியின் பயமும் 2019இல் காதலிக்கும் ஒருத்தியின் பயமும் ஒன்றல்ல.

2018ஐத் தேர்ந்தெடுக்கக் கை பரபரக்கும். காரணம், 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி கொடைக்கானல் மலையில் அந்த ஆண்டுதான் பூத்தது. தீர்ப்பும் பூவும் ஒரே பருவத்தில்! உண்மை வாழ்க்கை இவ்வளவு பச்சையாகக் குறியீடு செய்யும்போது நாவலாசிரியர் கொஞ்சம் ஒதுங்கி நிற்பது நல்லது. பூவை எழுதியே ஆக வேண்டுமென்றால், பூப்பார்க்க வந்த கார்களால் பஸ் தாமதமானதை எழுதுங்கள்.

கனகாவின் கதைக்கு நான் தேர்வது 2023 அக்டோபர் முதல் 2024 அக்டோபர் வரையிலான ஓராண்டு. மழைக்கால மாலையில், லயன் வீட்டுத் தொலைக்காட்சியின் அடியில் ஓடும் எழுத்தில் திருமணத் தீர்ப்பு வருகிறது. அம்மா அதைப் படிப்பதில்லை, சீரியல் பார்க்கிறார். ரீட்டா பார்க்கிறாள். ரீட்டா பார்ப்பதைக் கனகா பார்க்கிறாள். சட்டம் ஒரு வீட்டுக்குள் நுழைவது இப்படித்தான். யாரும் எழுந்து நின்று தீர்ப்பை வாசிக்க வேண்டியதில்லை.

நான்காம் படி: களவின் இலக்கணத்தைக் கடன் வாங்குங்கள்

மூன்று அங்கம், ஐந்து அங்கம் என்று கதைக்கட்டமைப்பு வகுப்புகள் சொல்வதைப் படித்துத் தலையைக் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை. மலையில் நடக்கும் ரகசியக் காதலுக்கு, அதாவது களவுக்கு, சங்கப் பாடல்களில் ஈராயிரம் ஆண்டுப் பழைய கட்டமைப்பு நம்மிடம் தயாராக இருக்கிறது. குறிஞ்சித் திணைக்குப் பெரும்பொழுது கூதிரும் முன்பனியும். ஐப்பசி தொடங்கித் தை வரை. சிறுபொழுது யாமம். கிழக்கு நீலகிரியின் மழையும் உறைபனியும் அதே மாதங்களில்தான். சங்கப் புலவர் பாடியது தலைவனையும் தலைவியையும் என்பதை மறக்க வேண்டாம். அந்தக் காலத்திலேயே இதையெல்லாம் ஏற்றுக்கொண்டார்கள் என்று முன்னுரையில் மார்தட்ட வேண்டாம். நாம் வாங்குவது காதல் வெளிப்படும் வரிசையை மட்டும்.

பகற்குறி. பகலில் சந்திக்கும் இடம். கனகாவுக்கு அது அப்பாயியின் கட்டில் ஓரம். வெள்ளிக்கிழமைதோறும் பிரஷர் பார்க்க வருகிறவளை யார் தடுக்கப் போகிறார்கள்?

இரவுக்குறி. இரவில் வருகிறவனிடம், வழியில் யானை இருக்கிறது, புலி இருக்கிறது, வராதே என்று பாட்டில் தோழி சொல்வாள். நம் கதையில் கார்த்திகை மழையில் பாதை அடைபட்டு, ரீட்டா அன்றிரவு லயனிலேயே தங்க வேண்டியதாகிறது. ஒரே அறை, ஒரே கம்பளி என்பது காதல் நாவலின் அரதப்பழசான உத்திதான். ஆனால் நவம்பர் மாதத்து நீலகிரியில் அது உத்தியாகவே தெரியாது, மண்சரிவுச் செய்தியாகத் தெரியும். தாராளமாகப் பயன்படுத்துங்கள். அந்த அறையில் அம்மாவும் அப்பாயியும் தூங்குகிறார்கள் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். அன்றிரவு ஒன்றும் நடக்கக் கூடாது. இருவரும் தூங்கவில்லை என்பது மட்டும் நடக்க வேண்டும்.

அலர். ஊர்ப்பேச்சு. ஆண், பெண் காதலில் அலர் உடனே கிளம்பும். இரு பெண்கள் விஷயத்தில் அப்படியில்லை. கைகோத்து நடந்தாலும், ஒரே தட்டில் சாப்பிட்டாலும், ‘என்ன ஒட்டுதல் பாருங்கள்’ என்று ஊரே மெச்சும். இதனால் பெண்களின் கதையில் ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது: யாரும் காணாததே ஆபத்து. அவர்களுக்கிடையே இருப்பது ஒன்றுமில்லை என்று எல்லோரும் அவ்வளவு உறுதியாக நம்பும்போது, கனகாவுக்கும் அப்படியே நம்பிவிடுவது சுலபமாகிறது. அலர் பிறப்பது மாப்பிள்ளை வேண்டாம் என்று அவள் சொன்ன பிறகுதான். அதுவரை மெச்சிய அதே வாய், அதே கைகோப்பை எடுத்து வேறு கதை சொல்லும். இரு ஆண்களைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தக் கணக்கைத் திரும்பப் போட வேண்டும். டீக்கடைப் பெஞ்சில் இளைஞர் இருவர் தோளில் கை போட்டுக்கொள்ளலாம், ஆனால் தனியாக வீடு எடுத்துத் தங்கி முப்பதைத் தாண்டினால் கேள்வி வரும்.

இற்செறிப்பு. வீட்டுக்குள் அடைத்தல். இன்று அதற்குத் தாழ்ப்பாள் தேவையில்லை, செல்போனைப் பிடுங்கி வைத்தால் போதும். நிறுவைக் கொட்டகைக்குக் கனகாவுக்குப் பதிலாகச் சித்தப்பா மகன் போகிறான். அப்பாயியின் பிரஷர் மாத்திரையை இனி ஆரம்ப சுகாதார நிலையத்தில் நாங்களே வாங்கிக்கொள்கிறோம் என்று அம்மா ரீட்டாவிடம் மரியாதையாகச் சொல்கிறார். அந்த மரியாதைதான் அடி.

வெறியாட்டு. மகள் மெலிவது காதலால் என்று அறியாத தாய், முருகன் பிடித்துக்கொண்டான் என்று வேலன் என்னும் பூசாரியை அழைத்து, குறி பார்க்கும் கழங்குக் காய்களைப் போட்டுப் பார்த்து ஆடு பலி கொடுக்கிறாள். சங்கப் பாடல் ஒன்றில் தோழி அந்த முருகனையே கிண்டல் செய்கிறாள்: இந்த நோய் உன்னால் வந்ததில்லை என்று தெரிந்தும் பலி வாங்க வந்திருக்கிறாயே, கடவுளாக இருந்தாலும் நீ பேதைதான் என்று. இதைவிடக் கூர்மையான அங்கதம் உங்களுக்கு எங்கே கிடைக்கும்? இன்றைய வெறியாட்டு இரண்டு இடங்களில் நடக்கும். ஒன்று குறி சொல்பவர் வீட்டில். இன்னொன்று, ‘மாற்றிக் காட்டுகிறேன்’ என்று சொல்லும் மருத்துவர் அறையில்.

இரண்டாவதை எழுதும்போது கவனம் தேவை. உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17 அன்றே தன்பாலீர்ப்பை நோய்ப்பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. இது நோயில்லை என்று இந்திய மனநல மருத்துவர் சங்கமும் 2018இல் அறிவித்தது. மதுரையிலிருந்து வீட்டுக்குப் பயந்து சென்னைக்கு வந்த இரு பெண்களின் வழக்கில், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூனில், பாலீர்ப்பை மாற்றும் ‘சிகிச்சை’களுக்குத் தடை விதித்தார். தீர்ப்பு எழுதும் முன் தானே ஓர் உளவியலாளரிடம் சென்று கேட்டுத் தெளிந்தவர் அவர். அப்படிச் சிகிச்சை செய்வது தொழில்முறை ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் சொல்லிவிட்டது. ஆகவே 2024இல் நடக்கும் கதையில் ஒரு மருத்துவர் மாத்திரை எழுதித் தந்தால், அவர் விதியை மீறுகிறார் என்பது வாசகருக்குத் தெரிய வேண்டும். கனகாவுக்குத் தெரிந்தால் இன்னும் நல்லது. எந்த ‘சிகிச்சை’ முறையையும் செய்முறை விளக்கமாக எழுதாதீர்கள்.

அறத்தொடு நிற்றல். காதலை வீட்டாருக்குத் தெரிவித்தல். இந்த நாவலின் மிகப் பெரிய பரிசு இந்த உத்தி. பாட்டில் தலைவி நேரே போய் அப்பாவிடம் சொல்வதில்லை. தலைவி தோழியிடம், தோழி செவிலியிடம் (வளர்த்த தாய்), செவிலி நற்றாயிடம் (பெற்ற தாய்), நற்றாய் தந்தையிடம் சொல்ல, உண்மை படிப்படியாக ஏறிப் போகிறது. இறக்குமதிக் கதைகளில் சாப்பாட்டு மேசையைச் சுற்றிக் குடும்பத்தை உட்கார வைத்து மகள் ஒரு சொற்பொழிவு ஆற்றுவாள். லயன் வீட்டில் மேசையும் இல்லை, சொற்பொழிவும் இல்லை. ஒருவரிடம் சொன்னது இன்னொருவர் வழியாகப் போய்ச் சேரும். போகிற வழியில் ஒவ்வொருவரும் அதில் தன் பயத்தையோ அன்பையோ கொஞ்சம் சேர்ப்பார்கள். யார் தோழி, யார் செவிலி என்பதை முன்கூட்டியே தீர்மானியுங்கள். இந்தக் கதையில் செவிலி அப்பாயி.

ஐந்தாம் படி: முறைப்பெயரை எப்போது கைவிடுவது?

தமிழில் எழுதுகிறவருக்கு மட்டும் கிடைக்கும் வசதி இது. ரீட்டாவை லயன் முழுவதும் ‘சிஸ்டர்’ என்கிறது. கனகா ‘ரீட்டா அக்கா’ என்கிறாள், ‘நீங்கள்’ என்கிறாள். அந்த ‘அக்கா’ ஒரே நேரத்தில் திரையும் சுவரும். அதைச் சொல்லிக்கொண்டே எவ்வளவு நெருங்கினாலும் ஊர் சந்தேகப்படாது. சொல்லிக்கொண்டே இருக்கும்வரை நெருங்கவும் முடியாது.

எந்தப் பக்கத்தில் ‘அக்கா’ உதிர்கிறது, எந்தப் பக்கத்தில் ‘நீ’ வருகிறது என்று குறித்துவைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே காட்சியில் வேண்டாம். முதலில் ‘அக்கா’ போகட்டும். சில அத்தியாயங்களுக்கு எந்த விளியும் இல்லாமல் ‘இங்கே பாருங்கள்’, ‘கேட்டீர்களா’ என்று கனகா தடுமாறட்டும். ‘நீ’ சண்டையில் வரட்டும். கோபத்தில் வாய் தவறி வந்த ஒருமையைத் திரும்ப எடுத்துக்கொள்ள இருவருக்கும் மனமில்லை என்று காட்டினால், முத்தக் காட்சி ஒன்றை மிச்சப்படுத்திவிடலாம். பிறர் முன்னிலையில் மட்டும் ‘அக்கா’ திரும்பி வரும். அப்போது அது இருவருக்கும் இடையேயான விளையாட்டாகவும் இருக்கும், சில நாள்களில் அவமானமாகவும் இருக்கும்.

நாவலின் உரையாடல் அந்த எஸ்டேட்டின் பேச்சுத் தமிழில்தான் இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஆறாம் படி: தொடும் காட்சிக்கு ஒரு வேலை கொடுங்கள்

காதலர் தொட்டுக்கொள்வதற்கு மழை, பனி, இசை எதுவும் தேவையில்லை. ஒரு வேலை தேவை. ரீட்டாவின் தொழில் நமக்கு அதைத் தட்டில் வைத்துத் தருகிறது. மாதிரிக்கு ஒரு துண்டு:

அப்பாயிக்குப் பார்த்து முடித்த பிறகு, “உங்களுக்கும் ஒருமுறை பார்த்துவிடலாமா?” என்று ரீட்டா கேட்டாள். கனகா ஸ்வெட்டர் கையைச் சுருட்டினாள். முழங்கைக்கு மேல் ஏறவில்லை, கழற்ற வேண்டியிருந்தது. பட்டை கையைச் சுற்றியது. அது சரியாக இருக்கிறதா என்று பார்க்க ரீட்டா இரண்டு விரலை உள்ளே நுழைத்து எடுத்தாள். இயந்திரம் உறுமிக்கொண்டு காற்றை ஏற்றியது, இறுக்கியது, பிறகு சிறுகச் சிறுக விட்டது. திரையில் மூன்று எண்கள். 118. 76. கடைசியாக நாடித்துடிப்பு, 112. ரீட்டா மூன்றையும் பார்த்தாள். நோட்டில் முதல் இரண்டை மட்டும் எழுதினாள்.

“மேடு ஏறி வந்தீர்களா?”

“ஆமாம் அக்கா.”

காலையிலிருந்து கனகா அந்த வீட்டைவிட்டு இறங்கவில்லை. அப்பாயி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இந்தத் துண்டில் காதல் என்ற சொல் இல்லை. மூன்று பேரில் இரண்டு பேருக்கு விஷயம் தெரிந்துவிட்டது, தெரியாதவள் நாயகி. உடலுறவுக் காட்சி வேண்டுமா, எவ்வளவு வெளிப்படையாக வேண்டும் என்பது உங்கள் விருப்பம், உங்கள் வாசகர் விருப்பம். ஒன்று மட்டும்: தெரிந்தவள் தெரியாதவளுக்குக் கற்றுக்கொடுப்பதுபோல எழுதாதீர்கள். ரீட்டா அவசரப்படக் கூடாது. கனகா தானாக ஓர் அடி எடுத்து வைக்கும்வரை அவள் நோட்டில் இரண்டு எண்களையே எழுதிக்கொண்டிருக்க வேண்டும்.

ஏழாம் படி: ஒப்புக்கொள்ளும் அத்தியாயம்

இதுதான் உச்சம். தயவுசெய்து கண்ணாடி முன் நிறுத்தாதீர்கள். மழையில் அழவும் விடாதீர்கள். வேறு எதையோ பேசிக்கொண்டிருக்கும்போது உண்மை வாயிலிருந்து வந்துவிழ வேண்டும்.

2024 மே. திருப்பூரிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். உயர் நீதிமன்ற உத்தரவால் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் அந்த மாதம் 7ஆம் தேதி முதல் வெளி மாவட்ட வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம். மாப்பிள்ளை வீட்டார் அதை எடுக்கவில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் சாலையில், குஞ்சப்பனைச் சோதனைச் சாவடியில் வேன் நிற்கிறது. மாமா ஒருவர் போனில் சத்தம் போடுகிறார், யாருக்கோ ஓடிபி வரவில்லை. பட்டுப்புடவையில் கனகா மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கிறாள். வாசகர் சிரிக்கட்டும், அடுத்து வருவதற்கு அந்தச் சிரிப்பு வேண்டும்.

கடைசியில் வந்து சேர்கிறார்கள். பையன் நல்லவன். அவனைக் கெட்டவனாக்கிக் கதையைச் சுலபமாக்காதீர்கள்; கெட்டவனை மறுப்பது பெரிய காரியமில்லை. ஏதாவது கேட்க வேண்டுமா என்று அவன் கேட்கிறான். கனகா ஒரே கேள்வி கேட்கிறாள்: “திருப்பூரிலிருந்து கோத்தகிரிக்கு வர எத்தனை பஸ் மாற வேண்டும்?” பெண்ணுக்குத் தாய்வீட்டுப் பாசம் என்று எல்லோரும் சிரிக்கிறார்கள், அம்மா கண் கலங்குகிறார். தான் எந்தக் கிழமையை மனதில் வைத்து அதைக் கேட்டோம் என்பது கனகாவுக்கு அப்போதுதான் உறைக்கிறது. வெள்ளிக்கிழமை.

அவ்வளவுதான். அத்தியாயத்தை அங்கே முடியுங்கள். அடுத்த அத்தியாயத்தில் அவள் மேலும் பத்து நாள் அதை மறுக்கலாம். உண்மையில் அப்படித்தான் நடக்கும். ஒப்புக்கொள்வது ஒருமுறை நடந்து முடிகிற காரியமில்லை. பின்வாங்குவதற்கும் பக்கம் ஒதுக்குங்கள்.

எட்டாம் படி: வீட்டாருக்கும் பயம் உண்டு

அம்மாவின் எதிர்ப்புக்கு மானம், மரியாதை என்பதைத் தாண்டி ஒரு காரணம் தேடுங்கள். எஸ்டேட்டில் அது கையருகிலேயே இருக்கிறது: லயன் வீடு எஸ்டேட்டுக்குச் சொந்தம். வேலை இருக்கும்வரைதான் வீடு. ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். அம்மாவுக்கு ஓய்வு நெருங்குகிறது. மகளுக்குத் திருமணம் என்பது அந்தத் தாய்க்கு மகள் தலைக்கு மேல் ஒரு கூரை. இது தெரிந்தால் அம்மா சொல்லும் கொடிய வார்த்தைகூட வாசகருக்கு வலிக்கும், வெறுப்பு வராது.

அப்பாயியை 1948இல் பிறந்தவராக வையுங்கள். இலங்கைத் தோட்டங்களில் வாழ்ந்த மலையகத் தமிழரை நாடற்றவராக்கிய இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்த ஆண்டு. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று கணக்குப் பிரித்தது. தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, கடைசியில் நீலகிரிக் குளிருக்கு வந்துசேர்ந்தவர் அவர். இப்படித் திரும்பியவர்களுக்காகவே 1968இல் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கப்பட்டது. நீ யார், எங்கே இருக்க வேண்டும் என்று யாரோ ஒரு தாளில் தீர்மானிப்பது எப்படியிருக்கும் என்று அப்பாயிக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அவர் வாயில் இந்த ஒப்பீட்டை வைக்காதீர்கள்! வரலாற்றை ஓரிடத்திலும், அவர் கனகா பக்கம் நிற்பதை வேறொரு இடத்திலும் வையுங்கள். வாசகர் இரண்டையும் சேர்த்துக்கொள்வார். அப்பாயி சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம், அதுவும் மருமகளிடம்: “அந்தப் பிள்ளை வந்து போன நாளில்தான் இவள் ஒழுங்காகச் சாப்பிடுகிறாள்.”

ஒன்பதாம் படி: முடிவு

காதல் நாவல் என்று அட்டையில் போட்டால் வாசகரோடு ஓர் ஒப்பந்தம் ஆகிவிட்டது. இருவரும் உயிரோடு இருக்க வேண்டும், சேர்ந்திருக்க வேண்டும் அல்லது சேர்வதற்கான வழி தெரிய வேண்டும். பள்ளத்தாக்கில் குதிக்கும் முடிவு மலைக்கதைகளில் மிக மலிவு. இந்த வாசகர்களில் சிலர் அந்த விளிம்பில் நின்று பார்த்தவர்கள். வேண்டாம்.

சென்னைக்கு ரயிலேறும் முடிவும் எனக்குப் பிடிப்பதில்லை. காதலர் ஊரைவிட்டுச் சேர்ந்து போகும் உடன்போக்கு நம் மரபில் உண்டுதான்; ஆனால் மலையை விட்டுப் போனால்தான் வாழ முடியும் என்று எல்லாக் கதையும் சொன்னால், இருந்து வாழ்கிறவர்களை என்ன செய்வது? கனகாவும் ரீட்டாவும் கோத்தகிரியிலோ குன்னூரிலோ ஒரு வாடகை வீடு எடுக்கட்டும். வீட்டுக்காரம்மா ‘சிநேகிதிகள்’ என்று நினைத்துக்கொள்ளட்டும். அல்லது எல்லாம் தெரிந்தும் அப்படியே சொல்லிக்கொள்ளட்டும்.

திருமணக் காட்சி கிடையாது, சட்டம் தரவில்லை. அதற்குப் பதிலாக 2024 உங்களுக்கு வேறொன்றைத் தருகிறது. அந்த ஆண்டு ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியும் நிதியமைச்சகமும், தன்பால் இணையர் கூட்டுக் கணக்குத் தொடங்கவும் ஒருவரையொருவர் நாமினியாகக் குறிப்பிடவும் தடையில்லை என்று தெளிவுபடுத்தின. வங்கியில் படிவத்தை நிரப்புகிறாள் கனகா. நாமினியின் பெயர்: ரீட்டா. அடுத்த கட்டம்: உறவுமுறை. பேனா நிற்கிறது. அந்த வெற்றுக் கட்டத்தில் அவள் என்ன எழுதுகிறாள் என்பதுதான் உங்கள் கடைசி அத்தியாயம். வரிசையில் பின்னால் நிற்கிறவர் அவசரப்படுத்தட்டும். கவுன்டரில் இருப்பவர் படித்துவிட்டு முத்திரை குத்தட்டும், அல்லது நிமிர்ந்து பார்க்கட்டும். அவருக்கு வசனம் கொடுக்காதீர்கள்.

பத்தாம் படி: திருத்தும்போது பார்க்க வேண்டியவை

மலை ஊர்கள் சின்னவை. நீங்கள் கேள்விப்பட்ட உண்மைக் கதை ஒன்றிலிருந்து நாவல் பிறந்திருந்தால், தொழில், ஊர், ஆண்டு, குடும்ப அமைப்பு எல்லாவற்றையும் மாற்றுங்கள். பெயரை மட்டும் மாற்றிவிட்டு, ‘பிரஷர் பார்க்க வரும் பெண்’ என்று விட்டுவைத்தால், அந்தத் தடத்தில் ஓடும் மினிபஸ்ஸில் ஏறும் அத்தனை பேருக்கும் ஆள் யாரென்று தெரிந்துவிடும். ஒருவரின் பாலீர்ப்பை அவர் சம்மதமில்லாமல் ஊருக்குச் சொல்வது கதையின் பெயரால் செய்தாலும் துரோகம்தான். உயிரோடு இருக்கும் ஒருவரின் கதை என்றால் கையெழுத்துப் பிரதியை முதலில் அவரிடம் கொடுங்கள். அவர் வேண்டாம் என்றால் அந்தப் பகுதி வேண்டாம்.

தோடர், கோத்தர், படகர், குறும்பர், இருளர் ஆகியோரை அலங்காரத்துக்காகக் கொண்டுவராதீர்கள். பக்கத்து ஹட்டியில் (படகர் ஊர்) இருக்கும் படகர் விவசாயி பச்சைத் தேயிலை விலையைப் பற்றிக் கவலைப்படுகிறவராக வந்தால் வரட்டும். தோடர் எருமை பின்னணியில் மேய்ந்துகொண்டிருக்கத் தேவையில்லை.

பிறகு இரண்டு பேரிடம் படிக்கக் கொடுங்கள். ஒருவர், எஸ்டேட்டில் வளர்ந்தவர். நிறுவைக் கொட்டகையும், கொழுந்து பறிக்கிறவர் இடுப்பில் படங்குத் துணி கட்டும் விதமும் சரியா என்று பார்ப்பார். இன்னொருவர், கனகாவின் வழியில் நடந்து வந்த பெண். முதலாமவர் சொல்லும் திருத்தங்களில் எதை ஏற்பது என்று நீங்கள் தீர்மானித்துக்கொள்ளலாம். இரண்டாமவர், ‘இந்த இடத்தில் நான் இப்படி யோசித்திருக்க மாட்டேன்’ என்று பென்சிலால் கோடு போட்ட பக்கத்தை மட்டும் முழுவதும் புதிதாக எழுதுங்கள்.